தெய்வானையின் வயிறும் என் சந்தேகங்களும்

போன செவ்வாய்க்கிழமை பிளாக் ஊர் ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருந்தேன். கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் காதருகே வந்துவிட்டார்.

நான் என் பையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி. யாராவது அன்பாகப் பேச வந்தால் முதலில் பையைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

"பேப்பர்ல எழுதுற ஐயா நீங்கதானே? ஒரு விஷயம் கேக்கணும். வெளிய போகக் கூடாது."

விஷயம் இதுதான். அவருடைய மருமகளுக்கு ஐந்து நாளாக வயிறு போகவில்லை. கல் மாதிரி கிடக்கிறது. விளக்கெண்ணெய் கொடுத்தாயிற்று, கடுக்காய் கொடுத்தாயிற்று, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த தீசான் கஷாயம் எல்லாம் கொடுத்தாயிற்று. உங்களுக்கு ஏதாவது கைவைத்தியம் தெரியுமா என்றார். நான் பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. அவர் ஒரு பெட்டியில் ஏறினார், கூட்டம் என்னை வேறு பெட்டியில் தள்ளியது.

வெளியே போகக் கூடாது என்றார். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை... பயப்பட வேண்டாம்.

நம் தீவில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் தெருவே இலை தழையோடு வாசலில் நிற்கும். ஒரு வீட்டில் ஒரு மருந்து, ஒவ்வொன்றும் கைகண்ட மருந்து. ஆனால் மலச்சிக்கல் என்று வந்துவிட்டால்? குற்றம் செய்தவன் மாதிரி ஸ்டேஷன் பெஞ்சில் காதைத் தேடுகிறோம். ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்ன கொடுக்கலாம் என்று மட்டும் கேட்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். இல்லை, அதைவிட மோசமாக இருந்தேன். என் மனைவியைப் பற்றிய கதை இது. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். எழுதுங்கள், ஆனால் பெயரை மாற்றிவிடுங்கள், உங்கள் புத்தியை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள் என்றாள். எனவே அவளைத் தெய்வானை என்று வைத்துக்கொள்வோம்.

எனக்குக் கான் தெ மாஸ்கில் இரண்டரை அர்ப்பான் கரும்பு நிலம். அப்பா வாங்கியது. நிலத்தின் ஓரத்தில் வீடு. வீட்டில் நானும் என் தங்கை பாக்கியமும்தான். பாக்கியம் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என்னோடு வந்து இருந்தாள். சமையல், ஆடு, கோழி, கறிகாய்ப் பாத்தி எல்லாம் அவள் கையில். ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டாள்.

தெய்வானை டவுன் பெண். சாந்த் குருவாவில் பிறந்து வளர்ந்தவள். கோயில் மணி கேட்கும் தூரத்தில் அவள் அம்மா வீடு. வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். அவளை வண்டியில் அழைத்துக்கொண்டு வந்த அன்று இரண்டு பக்கமும் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்று வெள்ளையாகப் பூத்திருந்தது. இவ்வளவு பூவா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஏதோ அத்தனை பூவையும் நானே பூக்க வைத்தது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். பாக்கியத்தோடு சிரித்துப் பேசினாள். பாக்கியத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆடி பிறந்தது. லக்கூப் ஆரம்பித்தது. கரும்பு வெட்டுக் காலத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. என் நிலம் சின்னது, நாலே நாளில் வெட்டி முடித்தோம். அடுத்த வாரம் எதிர்ப்பக்கத்துத் தோட்டத்துக் கரும்பையும் வெட்டிவிட்டார்கள். நான் வண்டியும் மாடுமாக, மற்றவர் கரும்பையும் ஏற்றிக்கொண்டு, ஆலைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது தெய்வானையின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. சோற்றை இரண்டு வாய் அள்ளினாள், மீதியை ஒதுக்கினாள். அந்த வெளுப்பைப் பார்த்த ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூர ஒரு குஷி. ஒரு வாரம் நானும் அந்தச் சிரிப்போடு திரிந்தேன்.

குழந்தை இல்லை. வயிறு போகவில்லை. அதைக்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை. பாக்கியம்தான் அரிசி புடைத்துக்கொண்டே, முறத்தைப் பார்த்துச் சொன்னாள்.

என் சந்தேகம் விழித்துக்கொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு முதல் பேய் கோதுமை மாவாக வந்தது.

கடை மாவில் சுண்ணாம்பு கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வயிறு கல்லாகக் கிடக்கிறது என்றால் உள்ளே போனதும் கல்தானே? ஒரு பிடி மாவை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சுண்ணாம்பு இருந்தால் பொங்கும். கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பொங்கவில்லை. போதாததற்குக் கடைக்காரரிடமே போய், மாவு எங்கிருந்து வருகிறது, மூட்டையை யார் பிரிக்கிறார்கள் என்று விசாரித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதன் பிறகு நான் எது வாங்கப் போனாலும் என் கண் முன்னால் இரண்டு முறை நிறுத்துத்தான் கொடுத்தார்.

அடுத்தது வைத்தியம். எங்கள் வேலியில் ஆமணக்குத் தானாகவே முளைத்து நிற்கும். பாக்கியம் வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் காய்ச்சி வைப்பாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி விளக்கெண்ணெயை வெந்நீரில் விட்டு நானே தெய்வானையிடம் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். மூன்று நாள் கொடுத்தேன். மூன்று நாளும் ஒன்றும் அசையவில்லை.

நாலாம் நாள் பப்பாளி மரத்தடியில் மண் பிசுபிசுவென்று இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். வயிறு வலிக்கிறது என்கிறாள். மருந்தைக் கொடுத்தால் மரத்துக்கு ஊற்றுகிறாள். இதற்கு ஒரு மனிதன் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும்? குணமாக இஷ்டமில்லை என்றுதானே?

நான் கேட்கவில்லை. கேட்கிறவன் சந்தேகக்காரன் ஆவதில்லை. சந்தேகக்காரன் கவனிக்கிறவன். கவனித்தேன்.

ஆவணியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்தாள். திரும்பக் கூப்பிடப் போன நான் அசந்துவிட்டேன். கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது. இரண்டாம் நாளே சரியாகிவிட்டதாம். எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று அத்தையைக் கேட்டேன். எப்போதும் கொடுக்கிற சோறுதான், மருந்தெல்லாம் எதற்கு என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அதில் ஒரு குத்தல் இருந்ததாக எனக்குப் பட்டது.

கான் தெ மாஸ்குக்கு வந்தோம். மூன்றாம் நாள் மறுபடியும் அதே வெளுப்பு.

அங்கே சரியாகிறது, இங்கே கெடுகிறது. கணக்கு வாத்தியார் தேவையில்லை. இங்கே சமைக்கிறவள் யார்? பாக்கியம். அண்ணன் ஒரு டவுன்காரியைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் பங்கு கொடுத்துவிட்டான். நாத்தனார் மனசு என்னவோ யாருக்குத் தெரியும்? சொந்தத் தங்கையைப் பற்றி இப்படி நினைத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், தண்ணீர் கொண்டுவா என்று தெய்வானையை அனுப்பிவிட்டு, அவள் தட்டை எடுத்து எனக்கு வைத்துக்கொண்டு என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவளுக்குப் போட்ட சோற்றை நான் தின்றேன். மறுநாள் காலை என் வயிறு வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. இத்தோடு விட்டிருக்க வேண்டும். விட்டேனா? என் வயிறு வேறு, பெண்கள் வயிறு வேறு என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

பிறகுதான் எனக்கு அந்தப் பெரிய சாட்சி கிடைத்தது. மாட்டைக் கட்டிவிட்டு வந்தபோது அடுப்பங்கரைத் தகரத்துக்கு அப்பால் பாக்கியத்தின் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

"அண்ணி, சாயந்திரச் சோத்தை விட்டுடுங்க. தண்ணியும் கொறைச்சுக்குங்க. ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பட்டினி போடுகிறாள். என் வீட்டில், என் அரிசியில், என் பெண்டாட்டியைப் பட்டினி போடுகிறாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கவனிப்போம் என்றிருந்தேன்.

நான் கவனித்துக்கொண்டிருந்த அழகில், அடுத்த வாரம் தெய்வானை கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வண்டியைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். செத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாத தெய்வமில்லை.

ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் பிரெஞ்சில் சொல்ல, டிரெஸ்ஸர் கிரியோலில் எடுத்துச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கீரையும் பழமும் தினமும் வேண்டும். முக்கியமாக, வரும்போது போய்விட வேண்டும், அடக்கக் கூடாது. அடக்கினால் உள்ளே ஈரம் வற்றி இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். இவர்கள் பல நாளாக அடக்கியிருக்கிறார்கள் என்றார்.

வெளியே வந்ததும் தெய்வானையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியடியில் நாலு பேர் நிற்கும்போதே, ஏன் அடக்கினாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் தரைதான். அடக்குவதற்கு ஒரு மனுஷிக்கு என்ன காரணம் இருக்க முடியும்? இங்கே இருக்க இஷ்டமில்லை, நோயைக் காட்டி அம்மா வீட்டுக்குப் போகப் பார்க்கிறாள் என்று தீர்மானித்து, அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"அப்படியே வச்சுக்குங்க" என்றாள். வண்டியில் ஏறவில்லை. அன்றைக்கே ரயிலில் சாந்த் குருவாவுக்குக் கொண்டுபோய் விட்டேன். வாசலிலேயே அத்தை என்னை நிறுத்தினார். பெண்ணை இனி அனுப்புவதாக இல்லை, அனுப்பினால் பிணமாகத்தான் திரும்பி வருவாள் என்றார். தெய்வானை அம்மாவைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமாகி நாலு மாதம். ஊரில் என்ன சொல்வேன் என்பது இருக்கட்டும். அவள் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனேன்.

பாக்கியம் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். அவள் சாப்பாட்டில் என்ன போட்டாய் என்று கேட்டேன். பட்டினி போடச் சொன்னதை என் காதால் கேட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் மத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்துப் பேசியதே இல்லை.

"அண்ணே, கரும்பு வெட்டியாச்சு. பொம்பளைங்க எங்க போறது?"

எனக்குப் புரியவில்லை. அதுதான் வெட்கக்கேடு. அவள் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்குப் புரியவில்லை.

"வெளிக்கு எங்க போறதுன்னு கேக்குறேன். கரும்பு நின்னா மறைவு உண்டு. வெட்டிட்டா எங்கேயும் வெட்டவெளி. கல்லுக் குவியல் மேல ஆளுங்க குந்தியிருக்காங்க. இருட்டோட போலாம்னா, விடியுறதுக்கு முந்தியே லாந்தரைப் புடிச்சிக்கிட்டு வண்டி ஓட ஆரம்பிச்சிடுது. ஆத்தங்கரைக்குப் போனா அங்கேயும் ஆம்பளைங்க. அண்ணி டவுன்காரங்க. அவங்க வீட்டுல கதவு போட்ட கக்கூஸு. அடக்கித்தான் வச்சாங்க. நீங்க வெளக்கெண்ணெய் குடுக்குறீங்க... குடிச்சிட்டு எங்க ஓடுவாங்க?"

நிலத்துக்காரன் நான். என் கரும்பை எப்போது நட வேண்டும், எப்போது வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும் எல்லாம் தெரியும். அந்தக் கரும்புதான் என் வீட்டுப் பெண்களுக்குச் சுவர் என்பது தெரியாது. ஆண்பிள்ளை எங்கே வேண்டுமானாலும் ஒதுங்குவான். அவனுக்கு எதற்குத் தெரியப்போகிறது?

அப்படியானால் நீ எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

பாக்கியம் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகையிலிருந்து கந்த சஷ்டி வரைக்கும் ஒருவேளைச் சோறுதான் சாப்பிடுவாள். தண்ணீர்கூட அளந்துதான். முருகனுக்கு விரதம். இளம் வயதில் இப்படி ஒரு பக்தியா என்று ஊரே மெச்சும். கோயிலில் நாலு பேர் கூடியிருந்தால் நானே அந்தப் பேச்சை எடுத்துப் பெருமைப்படுவேன்.

"முருகன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலண்ணே. வயித்துல போட்டாத்தானே வெளிய வரும்? போடாம இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. அதைத்தான் அண்ணிக்கும் சொல்லிக் குடுத்தேன்."

ஒன்பது வருஷம். ஒன்பது லக்கூப். என் தங்கை என் வீட்டில் பட்டினி கிடந்திருக்கிறாள், நான் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளைப் பார்த்து, சோற்றில் என்ன போட்டாய் என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் மறுபடியும் மத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆலைக்கு வண்டி அனுப்பவில்லை. மண்வெட்டியை எடுத்தேன். கிணற்றிலிருந்து தள்ளி, தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாத மேட்டில், ஆழமாகக் குழி வெட்டினேன். கால் வைக்க இரண்டு கருங்கல். சுற்றிலும் மூங்கில் நட்டுக் கரும்புச் சோகையால் தடுப்பு. மேலே தகரம். பழைய பெட்டிப் பலகையில் ஒரு கதவு. அள்ளிப்போடச் சாம்பல் ஒரு டின் நிறைய.

இப்போது சந்தேகப்பட ஊரின் முறை. லக்கூப் நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு ஒருவன் கொல்லையில் ஜன்னல் இல்லாத கொட்டகை கட்டுகிறான். என்னத்துக்கு? கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான். எனக்குச் சொல்லக் கூச்சம். கள்ளச் சாராயம் காய்ச்சப்போகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் வேலி ஓரமாக வந்து மோப்பம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கான்ஸ்டபிளே வந்துவிட்டார். கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே குனிந்து பார்த்தார், குழியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எவ்வளவு ஆழம் வெட்டினீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். அவர் வீட்டிலும் பெண்கள் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வேலியோரத்து மூக்குகளை நான் நம்பவில்லை. கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பிறகு சாந்த் குருவாவுக்குப் போனேன். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். தெய்வானையிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது, அதையும் கேட்டேன். பாக்கியம் எல்லாம் சொல்லிவிட்டாள், நான் மடையன், கட்டி முடித்துவிட்டேன் என்றேன். அவள் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி, இரண்டே புடவையை ஒரு துணியில் முடிந்துகொண்டு கிளம்பினாள். மற்றதையெல்லாம் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டாள். அந்தச் சின்ன மூட்டை எத்தனை நாளுக்குக் காணும் என்று ரயிலில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கதையை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, ஸ்டேஷன் பெரியவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கைவைத்தியம் கேட்டார் அல்லவா?

காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர். குடித்துவிட்டுக் கொஞ்சம் நடக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், அவசரமில்லாமல் போய் உட்காரட்டும். வயிறு மாடு மாதிரி, பழக்கிய நேரத்துக்கு வரும். உலர்ந்த திராட்சையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரோடு சாப்பிடலாம். பழுத்த பப்பாளி நல்லது. முருங்கைக் கீரைக்கு நம் ஊரில் குறைவே இல்லை, அதைப் பருப்பில் போட்டுத் தினமும் கொடுங்கள். வெறும் வெள்ளைச் சோறும் மாவு ரொட்டியுமாகத் தின்றால் இறுகத்தான் செய்யும். கொய்யாப் பழத்தை விதையோடு கூடைக்கணக்கில் தின்பதும் ஆகாது. விளக்கெண்ணெய் எப்போதாவது ஒரு முறைக்குச் சரி. அதையே பழக்கமாக்கினால் வயிறு சொந்தமாக வேலை செய்ய மறந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கவே கூடாது. கடும் வலி, வாந்தி, ரத்தம் என்றால் கைவைத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுங்கள்... என்னைப் போலக் கவனித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இவ்வளவும் இரண்டாவது. முதலாவது, ஐயா, உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். உங்கள் மருமகளின் கண்ணால் பாருங்கள்.

கதைக்கு வருகிறேன். வண்டி வீட்டு முன்னால் நின்றது. தெய்வானை இறங்கினாள். வாசற்படி ஏறவில்லை. மூட்டையோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். பாக்கியம் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நான் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கடைக்காரன் ஜவுளியை விரிப்பது போலக் கதவை விரியத் திறந்து காட்டினேன். அவள் உள்ளே பார்த்தாள். தடுப்பைக் கையால் தள்ளிப் பார்த்தாள். மேலே தகரத்தைப் பார்த்தாள். பிறகு கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"இதைப் பூட்டுறது நீங்களா, நானா?"

திருடன் வருவான், வேலியோரத்து ஆட்கள் வருவார்கள் என்று ஏதோ சொன்னேன். கக்கூஸில் என்ன திருடுவான் என்று அவள் கேட்கவில்லை. அங்கே கிடந்த கல்லில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் போகவுமில்லை, போகமாட்டேன் என்று சொல்லவுமில்லை. காத்திருந்தாள்.

திருப்புளியைத் தேடி எடுத்துவந்தேன். கொண்டியைக் கழற்றினேன். அதே திருகாணிகளால் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். அவசரத்தில் இரண்டு முறை விரலைக் குத்திக்கொண்டேன். அவள் எழுந்து வந்தாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். மூட்டையை என் கையில் கொடுத்தாள்.

அதை வாங்கிக்கொண்டபோது வந்த நிம்மதி கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.

அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் மூட்டையோடு அங்கேயே நின்றேன். நன்றாகப் பொருந்தியிருக்கிறதா, தகரம் ஆடுகிறதா, வேலிக்கு அப்பால் யாராவது வருகிறார்களா... காவல் வேண்டாமா? ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மருந்து வேலை செய்யவில்லையோ என்று எனக்கு மறுபடியும் சந்தேகம் தட்டியது.

அடுப்பங்கரையிலிருந்து பாக்கியம் வந்தாள். என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க."

எந்த வைத்தியனும் எழுதித் தராத மருந்து அதுதான்.